வெள்ளம் தாங்கும் நெல்லும் மரபணுத்தொகுதியும்: ஆய்வு கண்டது எது, கடைமடை கேட்பது எது?

கடைமடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில் நெல் பயிரிடுகிறவன் நான். எங்கள் பக்கம் சம்பாவுக்குப் பலர் சி.ஆர். 1009 சப் 1 இரகத்தை விதைக்கிறார்கள். ஐப்பசி மழையில் தலைமூழ்கிக் கிடந்த பயிர், தண்ணீர் வடிந்த பிறகு மறுபடியும் துளிர்விட்டு எழுந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் விதைத்த கையோடு மழை பிடித்துக்கொண்ட பருவத்தில் அதே இரகம் முளைக்காமல் மண்ணிலேயே அழுகிப் போனதையும், கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் சூழ்ந்தபோது பதராகிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இங்கே இருக்கும் அறிவியல் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். இந்த இரகத்தில் சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொல்லப்படும் மரபணு எங்கிருந்து வந்தது, அது செடிக்குள் என்ன செய்கிறது? இது மரபணு மாற்றப்பட்ட பயிர்தான் என்று சிலர் ஒதுக்குகிறார்களே, அது உண்மையா? நெல்லின் மரபணுத்தொகுதியை முழுவதும் படித்துவிட்டதாக நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். படித்து முடித்த பிறகும் முளைக்கும்போதும் கதிர் வரும்போதும் வெள்ளம் தாங்கும் நெல் ஏன் எங்கள் கைக்கு வரவில்லை?

நெற்களம் எழுதியது:

ஐயா, நெல் இனப்பெருக்க ஆய்வில் பணியாற்றி வருகிறவன் என்ற முறையில் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். மூன்றாவதற்கு விடை நீளமானது. அதற்குக் கணிப்பீட்டு மரபணுவியல் அறிந்தவர்கள் துணைக்கு வர வேண்டும்.

அந்த மரபணு ஒடிசாவின் வயல்களிலிருந்து வந்தது. தாலபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தூய வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற இரகம், இரண்டு வாரம் வரை நீரில் முழுதாக மூழ்கியிருந்தாலும் பிழைத்து எழும் என்பது ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். அதன் விளைச்சல் குறைவு, அரிசியும் மக்கள் விரும்பும் தரத்தில் இல்லை. வழக்கமான கலப்பினால் அந்தத் தாங்குதிறனை நல்ல இரகங்களுக்குக் கொண்டுவர முயன்றபோதெல்லாம், அதனோடு ஒட்டிக்கொண்டு வேண்டாத பண்புகளும் சேர்ந்தே வந்தன. அப்படி உருவான வழித்தோன்றல்கள் ஆய்வுப் பண்ணையில் நன்றாக நின்றும் உழவர்களிடம் செல்லவில்லை.

1996இல் கெனாங் சூ, டேவிட் மக்கில் ஆகியோர் இந்தத் தாங்குதிறனின் பெரும்பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் அமைந்திருப்பதைக் கண்டறிந்து அதற்கு சப் 1 என்று பெயரிட்டார்கள். அந்த இடத்துக்குள் இருக்கும் மரபணு எது என்பதைப் பிடிக்க மேலும் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி செரெஸ் ஆகியோரையும் உள்ளடக்கிய குழு 2006இல் அதை வெளியிட்டது. அந்த இடத்தில் ஒன்றையொன்று ஒத்த மூன்று மரபணுக்கள் உள்ளன: சப் 1ஏ, சப் 1பி, சப் 1சி. இவற்றில் சப் 1ஏ தான் காரணம்.

அது செய்யும் வேலையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே மூழ்கிய செடியில் ஊறும் எத்திலின் என்ற வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. சாதாரண நெல் இதை உணர்ந்தவுடன், தலையை நீருக்கு மேலே கொண்டுவர வேண்டும் என்று தண்டையும் இலையையும் விறுவிறுவென நீட்டுகிறது. வெள்ளம் ஆழமாக இருந்தால் நீட்டி நீட்டியே சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து, நீர் வடியும்போது நிற்கவும் வலுவின்றி சாய்ந்துவிடுகிறது. சப் 1ஏ உள்ள செடியோ அந்த நீட்சியை அடக்கி வைக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லினுக்குத் தடை போடும் புரதங்கள் அதில் கூடுகின்றன. செடி வளராமல், சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிட்டபடி காத்திருக்கிறது. நீர் வடிந்ததும் எஞ்சியதைக் கொண்டு புதிய இலை விடுகிறது. நீங்கள் கண்டது இதைத்தான்.

அடுத்த கேள்வி. ஆய்வின்போது, காரணம் இந்த மரபணுதான் என்று மெய்ப்பிப்பதற்காக, தாங்குதிறன் இல்லாத ஒரு நெல்லுக்குள் அதைச் செலுத்திப் பார்த்தார்கள் என்பது உண்மை. வயலுக்கு வந்த இரகங்கள் அப்படி உருவானவை அல்ல. ஆந்திராவின் மாருட்டேருவில் உருவான சுவர்ணா இரகத்தைச் சப் 1 உள்ள வழித்தோன்றலுடன் கலந்து, அதன் பிள்ளைகளை மீண்டும் மீண்டும் சுவர்ணாவுடனேயே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுப் பருவத்திலேயே இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மூன்று வடிகட்டல்கள் செய்தார்கள். முதலில் சப் 1 இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு அதன் இரு பக்கத்திலும் ஒட்டிவரும் வேண்டாத பகுதி எந்தச் செடியில் குறுகலாக இருக்கிறது என்று பார்த்தார்கள். கடைசியாக மற்ற பதினொரு குரோமோசோம்களிலும் சுவர்ணாவின் பங்கு எதில் மிகுதி என்று பார்த்தார்கள். முன்பு ஒட்டிக்கொண்டு வந்த குறைகளைக் கழற்றிவிட்டது இரண்டாவது வடிகட்டல்தான். சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. உங்கள் சி.ஆர். 1009 சப் 1 இதே வழியில் உருவாகித் தமிழ்நாட்டுக்கு வந்தது. இது மூலக்கூறு குறிப்பான்களின், அதாவது வேண்டிய மரபணு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளங்களின், துணையுடன் செய்த கலப்பினம். மரபணு மாற்றப் பயிர்களுக்கான சட்டப் பிரிவுக்குள் வராது.

ஆய்வு மாணவி எழுதியது:

நெற்களம் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. நெல்லின் மரபணுத்தொகுதி 2005இல் முழுமையாக வெளியாகிவிட்டது. சப் 1 இடமோ 1996இலேயே தெரியும். முழுத்தொகுதியும் கையில் இருந்தால் அந்த இடத்தில் உள்ள மரபணுக்களின் பட்டியலை உடனே எடுத்துப் பார்த்திருக்கலாமே. அப்படியிருந்தும் அத்தனை காலம் பிடித்தது ஏன்?

நிரலி எழுதியது:

மாணவியின் கேள்வி இந்த இழைக்கே உயிர்நாடியானது. ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டும். நான் நெல்லின் மரபணுத் தரவுகளில் கணிப்பீட்டு வேலை செய்கிறவள்.

2005இல் வெளியானது நிப்பான்பாரே என்ற ஒரே ஒரு ஜப்பானிய இரகத்தின் தொகுதி. பல நாடுகள் குரோமோசோம்களைப் பங்கு போட்டுக்கொண்டு செய்த மாபெரும் பணி அது. இந்திய ஆய்வகங்களும் பதினொன்றாவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்துக் கொடுத்தன. சுமார் 39 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுதியில் சப் 1பி இருக்கிறது, சப் 1சி இருக்கிறது. சப் 1ஏ இல்லை. அந்த மரபணுவே நிப்பான்பாரேயில் கிடையாது. பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும், இல்லாத ஒன்றை அதில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கான வழித்தோன்றல் செடிகளை வளர்த்து, மூழ்கடித்து, இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, சப் 1 பகுதியைத் தனியே வரிசைப்படுத்திப் பார்த்த பிறகுதான் அது வெளிப்பட்டது.

இது ஒரு தனி விபத்து என்று எண்ணிவிட வேண்டாம். மணிச்சத்து குறைந்த மண்ணிலும் வேரை விரைவாகப் பரப்ப உதவும் பிஸ்டால் 1 என்ற மரபணு காசலத் என்ற நாட்டு நெல்லிலிருந்து 2012இல் அடையாளம் காணப்பட்டது. அதுவும் நிப்பான்பாரேயில் இல்லை. ஆழ்நீர் நெல்லில் தண்டை நீர் ஏற ஏற உயர்த்தும் ஸ்னார்க்கல் 1, ஸ்னார்க்கல் 2 ஆகிய மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டார்கள். ஆழ்நீரில் வளராத சாதாரண நெற்களில் அவை காணப்படவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்னார்க்கல்களும் சப் 1ஏயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் எத்திலினுக்கே செவிசாய்க்கின்றன. ஒன்று ‘வளர்’ என்கிறது, மற்றொன்று ‘பொறு’ என்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் ஆழ்நீருக்கு முதலாவது பொருத்தம். வந்து வடியும் திடீர் வெள்ளத்துக்கு இரண்டாவது பொருத்தம். இரண்டு வகை நிலங்களில் இரண்டு வகை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்த விடைகள் இவை.

இப்போது நாங்கள் செய்யும் வேலைக்கு வருகிறேன். ஒரு செடியின் டி.என்.ஏவை இயந்திரம் நூறு, நூற்றைம்பது எழுத்துகள் கொண்ட கோடிக்கணக்கான துணுக்குகளாகப் படித்துக் கொடுக்கிறது. அந்தத் துணுக்குகளை நிப்பான்பாரேயின் மேல் பொருத்தி, எங்கெங்கே எழுத்து மாறுகிறது என்று கணினி பட்டியலிடுகிறது. 2018இல் வெளிவந்த ஆய்வில் 89 நாடுகளைச் சேர்ந்த 3,010 நெல் மாதிரிகள் இவ்வாறு படிக்கப்பட்டு, 2.9 கோடி ஒற்றை எழுத்து வேறுபாடுகள் பதிவாயின. அந்தத் தரவு முழுவதும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதற்காக அந்தக் குழுவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் எஃப்.ஆர். 13ஏயின் துணுக்குகளை நிப்பான்பாரேயின் மேல் பொருத்தும்போது சப் 1ஏயிலிருந்து வந்த துணுக்கு எங்கே போய் உட்காரும்? சில, உரிய இடம் இல்லாமல் ஒதுக்கப்பட்டுவிடும். சில, உருவொத்த சப் 1பியின் மேலோ சப் 1சியின் மேலோ போய் அமர்ந்துகொள்ளும். அப்போது கணினி அந்த இடத்தில் இரண்டு விதமான எழுத்துகள் இருப்பதாகச் சொல்லும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பலகாலம் தன்னுள்ளேயே விளைந்த ஓர் இரகத்தில் தாய்ப் பிரதியும் தந்தைப் பிரதியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு சிறு பகுதியில் மட்டும் எக்கச்சக்கமாக இரட்டை எழுத்துகள் தெரிந்தால், அது உண்மையான வேறுபாடு அல்ல, வேறொரு மரபணு இங்கே வந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். வழக்கமான வடிகட்டலில் இத்தகைய இடங்களைப் பிழை என்று நீக்கிவிடுகிறோம். துடைத்து எறியும் அந்தக் குப்பையில் அடுத்த சப் 1ஏ இருக்கக்கூடும் என்ற எண்ணம் தரவைத் தொடும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

இதனால்தான் இப்போது ஒற்றை இரகத்தை அடிப்படையாகக் கொள்வதை விட்டு, பல இரகங்களை நீண்ட துணுக்குகளாகப் படித்து, ஒவ்வொன்றையும் அடிமுதல் முடிவரை தனியே கோத்து, எல்லாவற்றையும் கிளைகள் பிரிந்து சேரும் ஒரே வரைபடமாக இணைக்கும் முறைக்கு நகர்ந்து வருகிறோம். மேற்சொன்ன 3,010 மாதிரிகளின் ஆய்விலேயே நிப்பான்பாரேயில் இல்லாத மரபணுக்கள் பத்தாயிரத்துக்கும் மேல் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை என்ன செய்கின்றன என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும்.

கடைமடை ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு என் விடை இதுதான்: ஒரு நெல்லைப் படித்ததை நெல்லையே படித்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம். கடினமான நிலங்களுக்கு வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் கடினமான நிலங்களின் நெல்லில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

விதைக்குதிர் எழுதியது:

நிரலி அம்மையாரின் பதிவை இரண்டு முறை படித்தேன். பாரம்பரிய நெல் விதைகளைப் பேணிப் பகிரும் குழு ஒன்றில் இருக்கும் எனக்கு அதில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே எழுகின்றன.

மகிழ்ச்சி, நாங்கள் சொல்லிவருவதை அறிவியலும் சொல்கிறது என்பதால். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் தேடித் திரட்டி, நெல் திருவிழா நடத்தி விதையைப் பரப்பியபோது, விளைச்சல் குறைந்த இவற்றால் என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் காட்டுயானம் தண்ணீரைப் பொறுக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். குழியடிச்சான் உவர் நிலத்தில் நிற்கும் என்பார்கள். அவர்கள் சொன்னதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

கவலை என்னவென்றால், விதையின் எழுத்துகள் முழுவதும் கணினிக்குள் போய்விட்டால் விதையே எவருக்கும் தேவைப்படாது. ஒரு நாட்டின் நெல்லைக் கேட்டு வாங்குவதற்கு விதிகள் உள்ளன. இணையத்தில் கிடக்கும் வரிசையை இறக்கிக்கொள்ள யாரிடம் கேட்க வேண்டும்? ஒடிசாவில் தாலபுட்டியாவைக் காத்து வந்த குடும்பங்களுக்கு இதனால் வந்தது என்ன?

நெற்களம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. இதில் இரண்டு வகைப் பயன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விளைச்சலாக வந்த பயன் ஒடிசாவுக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே உழவர்களின் வயல்களிலேயே நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாள் மூழ்கிய நிலத்தில் சுவர்ணா சப் 1 சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது; வெள்ளம் வராத நிலத்தில் இழப்பு எதுவும் இல்லை. பட்டியல் சாதியினரின் நிலங்கள் தாழ்வான, வெள்ளம் தேங்கும் இடங்களில் மிகுதியாக இருப்பதால், பயன் அவர்களுக்கே கூடுதலாகச் சேரக்கூடும் என்றும் அந்த ஆய்வு காட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெள்ளத்தைப் பற்றிய அச்சம் குறைந்ததும் உழவர்கள் உரத்துக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள், நடவைக் கவனமாகச் செய்தார்கள், கடன் பெறவும் முன்வந்தார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் அதனால் அவர்களின் விளைச்சல் உயர்ந்தது. ஒரு மரபணு தந்த துணிச்சல் இது. இதை எந்தக் குரோமோசோம் வரைபடத்திலும் பார்க்க முடியாது.

உரிமையாக வர வேண்டிய பயன் வேறு. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும், வணிக முத்திரையின்றி விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. உழவர் இரகங்களைப் பதிவு செய்யவும் இடம் உண்டு. உங்கள் குழு பேணும் வகைகளை அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யும்படி உண்மையான அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். எண்ணிம வரிசைகளைப் பொறுத்தவரை, அவற்றால் இலாபம் பெறும் நிறுவனங்கள் ஒரு பங்கைச் செலுத்துவதற்காகக் கொலம்பியாவின் காலி நகரின் பெயரைத் தாங்கிய ‘காலி நிதியம்’ என்ற ஒன்று 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டிருக்கிறது. அது விருப்பத்தின் பேரில் செலுத்துவது என்பதால், உங்கள் கவலைக்கு முழு விடையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிரலி எழுதியது:

விதைக்குதிர் ஐயா, எழுத்துகள் கணினிக்குள் போய்விட்டால் விதை தேவைப்படாது என்பதை மட்டும் மறுக்கிறேன். நடப்பது நேர் எதிரானது. வரிசை மட்டும் இருந்தால் ஒரு மரபணு இருக்கிறது என்று சொல்ல முடியும். அது என்ன செய்கிறது என்று சொல்ல, அந்த விதை முளைத்து, மூழ்கி, பிழைத்துக் காட்ட வேண்டும். எங்கள் கணக்குகள் அனைத்தும் ஒரு பக்கம் எழுத்துகளும் மறுபக்கம் வயலில் அளந்த பண்புகளும் இருந்தால்தான் ஓடும். எழுத்துகளைப் படிக்கும் செலவு மளமளவென்று குறைந்துவிட்டது. வயலில் கவனமாக அளப்பதற்கான உழைப்பு குறையவே இல்லை.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். எஃப்.ஆர். 13ஏ, காசலத் இரண்டும் ஆஸ் எனப்படும் சிறிய நெற்குழுவைச் சேர்ந்தவை. கிழக்கிந்தியாவிலும் வங்கதேசத்திலும் பயிராவது அக்குழு. அதன் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர். ஒரு பண்பு ஒரு குழுவில் மட்டுமே காணப்பட்டால், அக்குழுவுக்கே உரிய இலட்சக்கணக்கான எழுத்து வேறுபாடுகளில் எது காரணம், எது வெறுமனே உடன்வருவது என்று ஆயிரம் மாதிரிகளை ஒப்பிட்டாலும் கணினியால் பிரிக்க இயலாது. குழுவின் பாதிப்பை நீக்கக் கணக்கைத் திருத்தினால், உண்மையான காரணமும் சேர்ந்தே மறைந்துவிடும். அப்போது இரண்டு செடிகளைக் கலந்து, அவற்றின் பிள்ளைகளில் எழுத்துகள் குலைந்து பிரிவதைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சப் 1ம் பிஸ்டால் 1ம் அந்தப் பழைய வழியில்தான் கிடைத்தன.

ஆய்வு மாணவி எழுதியது:

அப்படியானால் மரபணுத் திருத்தம்? 2025 மே மாதம் இந்தியா இரண்டு திருத்தப்பட்ட நெல் இரகங்களை அறிவித்தது. கலப்பினத்துக்கு ஆகும் ஆண்டுகளைத் தவிர்த்து, சப் 1ஏயை நமக்கு வேண்டிய இரகத்தில் நேரடியாகவே உருவாக்கிவிட முடியாதா?

நெற்களம் எழுதியது:

அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். கமலா என்றும் அழைக்கப்படும் ‘டி.ஆர்.ஆர். தான் 100’ இரகம், சாம்பா மசூரி என்ற நெல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மரபணுவைத் திருத்தியது. அந்த மரபணு சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குகிறது. அதைச் செயலிழக்கச் செய்தால் கதிர்க்கிளையில் மணிகள் கூடும். பூசா டி.எஸ்.டி. நெல் 1, எம்.டி.யு. 1010 என்ற இரகத்தில் இருக்கும் டி.எஸ்.டி. என்ற மரபணுவைத் திருத்தியது. வறட்சியையும் உவரையும் தாங்குவது அதன் நோக்கம். இரண்டிலும் நடந்தது, இருப்பதை நிறுத்துவது அல்லது மாற்றுவது. வெளி மரபணு எஞ்சியிராத இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022இல் மரபணு மாற்றப் பயிர்களுக்கான சில விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

சப் 1ஏ இல்லாத இரகத்தில் நிறுத்துவதற்கும் மாற்றுவதற்கும் எதுவுமில்லை; முழு மரபணுவையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். திருத்தக் கருவியால் அதைச் செய்ய முடியும், ஆனால் அது சட்டத்தின் பார்வையில் வேறு வகை. கலப்பினமும் குறிப்பான்களும் அதே பலனை இரண்டு மூன்று தலைமுறையில் தருகையில் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. இல்லாததைக் கொண்டுவரக் கலப்பினம், இருப்பதை அடக்கத் திருத்தம் என்பது இப்போதைக்கு நடைமுறையில் பொருந்தும் பிரிவினை.

விதைக்குதிர் எழுதியது:

மணிகள் கூடும் என்பதும் விளைச்சல் கூடும் என்பதும் ஒன்றல்ல. அந்த இரகங்களின் சோதனைத் தரவுகளை வைத்தே மாற்றுக் கருத்துகள் வந்துள்ளன. இடம் இடமாக, ஆண்டு ஆண்டாக அளந்த முழு விவரங்களும் பொதுவில் வைக்கப்பட்ட பிறகு பேசலாம். சப் 1க்கு உழவர் வயலில் நடத்திய சோதனை இருந்தது என்று நெற்களம் ஐயாவே சொன்னார்; அதே அளவுகோல் இவற்றுக்கும் வேண்டும்.

நெற்களம் எழுதியது:

அதில் எனக்கும் உடன்பாடே.

கடைமடை எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் நிதானமாகப் படித்தேன். என் மூன்றாவது கேள்வியின் ஒரு பாதிக்கு விடை கிடைத்தது. மறு பாதி இன்னும் நிற்கிறது. ஆள் பற்றாக்குறையால் எங்கள் பக்கம் நாற்றுவிட்டு நடுவது குறைந்து, நேரடி விதைப்பு பெருகிவிட்டது. முளைக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றால் சப் 1 கைகொடுக்கவில்லை. முழுகாமல், முழங்கால் அளவு தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் நிற்கும் தாழ்வான நிலத்திலும் அதனால் பெரிய பலன் தெரியவில்லை. வெள்ளம் என்ற ஒரே பெயரில் நாங்கள் படுவது நான்கு வகைத் துன்பம். இவற்றுக்கு என்ன வழி?

நெற்களம் எழுதியது:

நீங்கள் பிரித்துச் சொன்ன அதே பிரிவுகளில்தான் ஆய்வும் நடக்கிறது ஐயா.

முளைக்கும் பருவத்துக்கு மியன்மாரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு நெல்லிலிருந்து ஒரு மரபணு அடையாளம் காணப்பட்டு 2015இல் வெளியானது. விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தை உயிர்வளி இல்லாத நிலையிலும் சர்க்கரையாக்கி முளைக்கு அனுப்ப அது துணை செய்கிறது; முளை நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. கவனியுங்கள், முளையில் வேண்டியது நீட்சி, வளர்ந்த பயிரில் வேண்டியது அடக்கம். ஒரே செடியில் இரண்டும் தத்தம் பருவத்தில் வேலை செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

முழங்கால் நீர் நெடுநாள் தேங்கும் நிலத்தில் சப் 1 உள்ள குட்டை இரகங்கள் பின்தங்குவதை ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன. அங்கே செடி சற்றே உயர வேண்டும், தூர் கட்டுவது குறையக்கூடாது, சாயவும் கூடாது. அத்தகைய பண்பை ஒரு பெரிய மரபணு ஆள்வதில்லை. சிறு சிறு பங்களிப்புச் செய்யும் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன. அதற்குக் குறிப்பான் ஒன்றைப் பிடித்து இழுக்கும் முறை போதாது. மரபணுத்தொகுதி முழுவதிலும் உள்ள ஆயிரக்கணக்கான குறிப்பான்களுக்கும் சிறு மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகையைக் கொண்டு அடுத்த கலப்புக்கான தாய்ச்செடிகளை நாற்றிலேயே தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. மெவிசன், ஹேய்ஸ், கோடார்ட் மூவரும் 2001இல் முன்வைத்த அந்தக் கணக்கு கறவை மாடுகளில் பெரும் வெற்றி கண்டது. நெல்லில் இப்போது ஊன்றி வருகிறது. கதிர்ப் பருவ வெள்ளத்துக்கு மட்டும் மரபியலில் இதுவரை உறுதியான கைப்பிடி கிடைக்கவில்லை. அங்கே வடிகால் தூர்வாருவதும், விதைப்பு நாளைச் சரியாகத் தேர்வதும்தான் இன்றைக்கு இருக்கும் காப்பு. விதையால் தீர்க்க முடியாததை விதையால் தீர்ப்பதாக எவரும் உங்களுக்குச் சொல்லிவிடக் கூடாது.

நிரலி எழுதியது:

அந்தக் கூட்டு மதிப்பெண் முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதைச் சேர்க்கிறேன். எந்த நிலத்தில், எந்தக் கூட்டத்துச் செடிகளில் அளந்து மதிப்பெண் கொடுத்தோமோ, அதற்கு நெருங்கிய நிலத்துக்கும் நெருங்கிய உறவுச் செடிகளுக்குமே அது நம்பகமாகப் பொருந்தும். பிலிப்பைன்ஸில் அளந்த மதிப்பெண்ணை வேதாரண்யத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கடைமடை நெல் வேண்டுமென்றால் கடைமடையில் அளக்க வேண்டும்.

விதைக்குதிர் ஐயாவின் குழுவிடம் ஒரு வேண்டுகோள். நாட்டு நெல்லில் ஒரே பெயரில் வெவ்வேறு மரபுகளும், வெவ்வேறு பெயர்களில் ஒரே மரபும் இருப்பது வழக்கம். காட்டுயானம் என்று மூன்று ஊர்களில் வாங்கினால் மூன்றும் ஒன்றுதானா என்பதைக் குறைந்த செலவில் டி.என்.ஏவைக் கொண்டு சொல்லிவிடலாம். வரிசையின் உரிமை குழுவின் ஒப்புதலின்றி வெளியே போகாது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு தொடங்கலாம். நாற்று வயதில் மூழ்கடித்துப் பார்க்க ஒரு சிமெண்டுத் தொட்டி போதும்.

விதைக்குதிர் எழுதியது:

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்குமானால் குழுவில் பேசுகிறேன். காட்டுயானம், குழியடிச்சான் இரண்டிலிருந்தும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். தொட்டிச் சோதனையோடு நிறுத்தாமல் ஒரு கடைமடை வயலிலும் விதைத்துப் பார்க்க வேண்டும் என்று குழுவினர் கேட்பார்கள்.

கடைமடை எழுதியது:

என் நிலத்தில் தாழ்வான மூலை ஒன்று ஆண்டுதோறும் தண்ணீரில் கிடக்கிறது. அதை இதற்குத் தருகிறேன். என்னென்ன குறித்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வரும் சம்பாவிலிருந்து எழுதி வைக்கிறேன்.

நெற்களம் எழுதியது:

விதைத்த நாள், முளைத்த நாள், தண்ணீர் ஏறிய அன்று பயிரின் வயதும் உயரமும், அளவுகோல் நட்டு ஒவ்வொரு நாளும் பார்த்த நீரின் ஆழம், நீர் தெளிவா கலங்கலா என்பது, முற்றிலும் வடிந்த நாள், வடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு சதுர மீட்டரில் உயிரோடு நின்ற குத்துகள். கலங்கல் நீரில் வெளிச்சம் புகாததால் அதே இரகம் விரைவில் மடியும்; ஆகவே அந்த ஒரு குறிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒப்பிடுவதற்கு அருகிலேயே சி.ஆர். 1009 ஒரு பாத்தியும், சி.ஆர். 1009 சப் 1 ஒரு பாத்தியும் இருக்கட்டும். விதையை நீங்கள் எங்கிருந்து வாங்கினீர்கள் என்பதையும் பையின் மேலேயே எழுதி வையுங்கள்.